சி. வி. வேலுப்பிள்ளை: பேரில்லாதவர்களைப் பாடியவர்

இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைநாடான மலையகத்தில், பொகவந்தலாவையில் உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “பாரதிதாசனைச் சமூகச் சீர்திருத்தக் கவிஞர் என்று படிக்கிறோம். நமது மலையகத்தில் அப்படி ஒருவர் உண்டா? சி. வி. வேலுப்பிள்ளை என்கிறார்கள். கங்காணி வீட்டில் பிறந்து ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர் எப்படித் தோட்டத் தொழிலாளியின் கவிஞராக முடியும்?”

தம்பி, உங்கள் கேள்வியின் கடைசியில் இருக்கும் சந்தேகம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் தினமும் கேட்ட சொல்தான் அது: பேர்.

என் அம்மாயி தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். மாலையில் வீட்டுக்கு வந்து, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து, மழைக்குத் தலையில் போட்டு நனைந்த கொங்காணியை அடுப்புக்கு மேலே ஓடும் கயிற்றில் போடுவார். அப்போது தாத்தா கேட்கும் முதல் கேள்வி, “இன்று பேர் விழுந்ததா?” என்பதுதான். கேட்ட நிறை வந்துவிட்டால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். கொழுந்து இல்லாத வறட்சி மாதங்களில் அம்மாயி வாய் திறந்து பதில் சொல்ல மாட்டார். ஆள்காட்டி விரலைப் பாதியாக மடக்கிக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். முழு மனுஷிக்கு எப்படி அரைப் பேர் விழும் என்று சிறுவனான எனக்கு விளங்கியதே இல்லை. செக்ரோல் என்ற தோட்டத்துக் கூலிப் பதிவேட்டில் பெயருக்கு நேரே ஒரு நாள் உழைப்பைப் பதிவதால் வந்த வழக்கு அது என்று பின்னால் அறிந்தேன். மனிதருடைய பெயரே ஒரு நாள் கூலியின் அளவாகிவிட்ட ஊர் நம்முடையது. சி. வி. செய்த வேலையை இங்கே நின்று பார்க்கும்போதுதான் அதன் பெறுமதி எனக்குப் புரிகிறது.

அவர் 1914 செப்டெம்பர் 14ஆம் திகதி, பூண்டுலோயாவுக்கு அருகில் உள்ள மடக்கும்புர தோட்டத்தில் பிறந்தார். நீங்கள் சொல்வது சரிதான், கங்காணிக் குடும்பம். அந்தக் காலத்தில் பெரியகங்காணி என்றால் சாதாரண ஆள் அல்ல. தமிழகத்துக் கிராமங்களில் ஆள் சேர்த்துக் கொண்டுவருபவர் அவர். பயணச் செலவு தொடங்கி அரிசி வரை எல்லாவற்றையும் கடனாக எழுதி வைப்பவரும் அவர்தான். கடனைச் சுமந்த தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைக் கட்டினால் விடுவோம் என்று எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோது சி. வி. ஏழு வயதுப் பிள்ளை. அதாவது, கடன்கட்டின் கடைசிக் காலத்தைக் கடன் கொடுத்த வீட்டுப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவர். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காத படிப்பும் அவருக்குக் கிடைத்தது. கொழும்பு நாலந்தா கல்லூரி வரை போய் ஆங்கிலம் கற்றார். 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது, தான் ஆங்கிலத்தில் எழுதிய இசை நாடகத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். இருபது வயதுகூட நிறையாத இளைஞனுக்கு அது பெரிய காரியம். அந்தப் பாதையிலேயே போயிருந்தால் கொழும்பு வரவேற்பறைகளில் பேர் பெற்ற ஓர் ஆங்கிலக் கவிஞராக முடிந்திருப்பார். அவர் திரும்பி வந்தார். ஆசிரியராக இருந்தார், பிறகு தொழிற்சங்கத்துக்குப் போனார்.

மலையகத்தில் சீர்திருத்தப் பாட்டு சி. வி.யில் தொடங்கவில்லை என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். தோட்டங்களைப் பற்றி அச்சேறிய பழைய தமிழ்ப் பாட்டு நூல் ஆபிரகாம் ஜோசப் என்பவருடைய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’, 1869. அது வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரின் முயற்சியைப் புகழ்ந்து, தொழிலாளியை மேலிருந்து பார்த்துப் பாடியது. உழைக்கிறவர் பக்கத்தில் நின்று, கூட்டத்தின் நடுவில் பாடியவர் மீனாட்சியம்மாள். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார். கணவரோடு ‘தேசபக்தன்’ பத்திரிகையில் எழுதினார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று அந்தப் பத்திரிகையில் வாதாடினார். தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் நடேசய்யர் பேசுவார், மீனாட்சியம்மாள் பாடுவார். மக்களுக்கு ஏற்கெனவே பழகிய மெட்டுகளில் வேலை நீக்கத்தையும் கூலியையும் சட்டத்தின் வஞ்சகத்தையும் வைத்துப் பாடினார். 1940இல் அவருடைய பாட்டுகள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற சிறு நூலாக வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு மெட்டுதான் பத்திரிகை என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார். பாரதிதாசனோடு நேருக்கு நேர் ஒப்பிட வேண்டுமானால் சி. வி.யை விட மீனாட்சியம்மாளைத்தான் நான் பக்கத்தில் நிறுத்துவேன். பாடநூல்களில் அவருக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு.

பாரதிதாசனின் களம் வேறு. புதுச்சேரியில் பிறந்து (1891), தமிழாசிரியராக இருந்து, சாதியையும் பெண்ணடிமையையும் மூடப் பழக்கத்தையும் அடித்துப் பாடினார். அவருக்குப் பின்னால் சுயமரியாதை இயக்கம் இருந்தது, மேடை இருந்தது, படிக்கிற கூட்டம் இருந்தது. 1955இல் புதுச்சேரி சட்டமன்றத்துக்கும் போனார். தான் யார், எந்த ஊர் என்ற கேள்வி அவருடைய வாசகருக்கு இருக்கவில்லை. மலையகத்தில் அதுவே முதல் கேள்வி. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போகிறவருக்கு நாடு எது என்று தெரியாத நிலையில், சீர்திருத்தம் என்பது ‘இவர் ஒரு மனிதர், இவருக்கு ஒரு பெயர் உண்டு’ என்று எழுதிக் காட்டுவதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆகவே புரட்சிக்கவிஞரின் அளவுகோலைக் கொண்டுவந்து சி. வி.யை அளக்காதீர்கள். அளந்தால் இருவரையும் தவறாகவே அளப்பீர்கள்.

அடுத்தது அவருடைய அரசியல். இதைச் சொல்லாமல் கவிதைக்குள் போக முடியாது. 1939இல் இங்குள்ள இந்திய வம்சாவளியினரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடங்கியது. 1940 சனவரியில் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அந்தக் கொதிப்பான காலத்தில்தான் சி. வி. அந்த இயக்கத்துக்குள் வளர்ந்தார். 1947 பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று முதலாவது பாராளுமன்றத்துக்குப் போனார். பின்னாளில் மலையகத்தின் பெரிய தொழிற்சங்கத் தலைவரான சௌமியமூர்த்தி தொண்டமானும் நுவரெலியாவிலிருந்து அப்போதுதான் போனார். அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தது. சுமார் ஏழு லட்சம் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்களானார்கள். இதை ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள், தம்பி. 1947இல் அவருக்கு வாக்குப் போட்டு அனுப்பிய மடக்கும்புரத்து மனிதரின் பெயர் 1952 தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இல்லை. செக்ரோலில் மட்டும் இருந்தது. இந்தப் பறிப்பை எதிர்த்து 1952 ஏப்ரலில் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. நான்கு மாதங்களுக்கும் மேல் நடந்தது. பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருந்த சி. வி. அந்தச் சத்தியாக்கிரகத்தில் வந்து உட்கார்ந்தார்.

‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்ற அவருடைய ஆங்கில நெடுங்கவிதை வெளிவந்தது அந்த 1950களின் தொடக்கத்தில். 1969இல் சக்தீ பால-ஐயா அதைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். நான் முதலில் படித்தது தமிழ்தான். பாடசாலை நூலகம் என்ற பெயரில் இருந்த ஒரு தகரப் பெட்டியிலிருந்து, அட்டை கழன்ற பிரதி ஒன்றை ஆசிரியர் எடுத்துக் கொடுத்தார். விடியற்காலைத் தப்பு (பறை) முழக்கத்தோடு தொடங்கும் பாட்டு அது. லயம் விழிக்கிறது, பெண்கள் பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிறார்கள், கூடை ஏறுகிறது, மலை ஏறுகிறார்கள். இதெல்லாம் நாங்கள் தினமும் பார்த்ததுதான். எனக்குத் தொண்டை அடைத்தது வேறொரு பகுதியில். இந்த மண்ணுக்குள் புழுதியோடு புழுதியாகக் கிடக்கும் தன் மக்களுக்கு யாரும் கல்லறை கட்டவில்லை, இரங்கல் சொல்லவில்லை, கடவுள் மட்டும் கருணைகொண்டு அவர்கள் மேல் புல்லைப் போர்த்தினான் என்று ஓர் இடம் வருகிறது. அன்று மாலை பாடசாலை விட்டுத் திரும்பும் வழியில் தாத்தாவின் தகப்பனாரைப் புதைத்த இடத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அதை “மேட்டு மலைக்குக் கீழே, மூன்றாவது கானுக்குப் பக்கத்தில்” என்றுதான் சொல்வார்கள்; கான் என்றால் வடிகால். அடையாளம் அவ்வளவே. அதன் மேல் கன்றுக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் ஏன் ஆங்கிலம்? எனக்கும் இருபது வயதில் இதே கோபம் இருந்தது. என் விடை இரண்டு பகுதியாக இருக்கிறது.

ஒன்று, அந்தக் கவிதை யாரிடம் பேச வேண்டியிருந்தது என்பது. தேயிலையைக் குடிக்கிறவரும், தோட்டத்தை வைத்திருப்பவரும், பாராளுமன்றத்தில் பிரஜாவுரிமையைப் பறித்தவரும் படிக்கும் மொழி அன்றைக்கு ஆங்கிலம். லயத்து மனிதருக்குத் தன் துயரத்தை யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. காட்ட வேண்டிய இடம் துரை பங்களாவும் கொழும்பும். சி. வி. வழக்கறிஞரைப் போல நீதிமன்றத்தின் மொழியில் பேசினார்.

இரண்டாவது விடையைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். மொழி ஆங்கிலமாக இருந்தாலும் அந்தப் பாட்டின் காது ஆங்கிலக் காது அல்ல. மலையகத்துப் பெண்கள் பாடும் வரி ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்: “அண்ணனைத் தோத்த மலை அந்தா தெரியுது பார்.” தேயிலைக்கு முன் கோப்பி பயிரிட்ட காலத்திலிருந்து வரும் பாட்டு. தோத்த, அதாவது தோற்ற, என்றால் இழந்த. அண்ணன் எப்படிச் செத்தான், எந்த ஆண்டு, எந்தத் துரை காலம், ஒன்றும் இல்லை. விரல் நீட்டி மலையைக் காட்டுகிறாள், அவ்வளவுதான். அவளுக்கு மலை முழுவதும் அண்ணனின் கல்லறை. இப்போது சி. வி.யின் கல்லறை இல்லாத மக்களை எடுத்து அதற்குப் பக்கத்தில் வையுங்கள். அதே விரல்தான் நீள்கிறது. கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு வளர்ந்த ஒருவர் அந்த ஓலத்தை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோய் வைத்தார். பால-ஐயாவின் தமிழ் அவ்வளவு இயல்பாக வந்ததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்துக்கு விருந்தாளியாகப் போன பாட்டு பால-ஐயாவின் கையில் வீட்டுக்குத் திரும்பியது.

சும்மா யூகமாக இதைச் சொல்லவில்லை. அவர் தன் வாழ்நாளின் கடைசிப் பகுதியில் என்ன செய்தார் என்று பாருங்கள். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று தோட்டத்து வாய்மொழிப் பாட்டுகளைத் தொகுத்து 1983இல் வெளியிட்டார். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று நூல் எழுதி, பாராளுமன்றமும் பார்த்து வந்த மனிதர் அறுபது வயதுக்கு மேல் கொழுந்துக்காரியின் பாட்டைத் தேடி எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டால் அவருடைய மிகப் பெரிய சீர்திருத்த வேலை இதுதான். மேடையில் இவர்களுக்காகப் பேசுவது ஒன்று. இவர்கள் ஏற்கெனவே பேசியிருக்கிறார்கள், அது இலக்கியம், அதை அச்சில் ஏற்ற வேண்டும் என்று நினைப்பது வேறு. இரண்டாவதைச் செய்ய நிறைய மரியாதை வேண்டும்.

“ஊரான ஊரிழந்தேன் ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்
பேரான கண்டியிலே பெத்த தாயை நான் மறந்தேன்”

மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த இந்த இரண்டு வரிகளை ஒரு தரம் மெதுவாகப் படியுங்கள். ஒத்தப்பனைத் தோப்பு என்பது வறண்ட நாட்டின் அடையாளம். அதையும் இழந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். கண்டி என்பது இங்கே கண்டி நகரம் அல்ல, மலைநாடு முழுவதும். ‘பேரான கண்டி’ என்றால் புகழ் பெற்ற கண்டி. ஊருக்குப் பெரிய பேர், அங்கே வந்தவளுக்கு மட்டும் ஒன்றும் மிஞ்சவில்லை, தாயின் முகம்கூட. எங்கள் வீட்டில் பேர் என்ற சொல்லுக்கு இருந்த பொருளை நினைத்தால் அந்த வரி எனக்கு இன்னும் கனக்கிறது. பாடியவர் அதை நினைத்துப் பாடினாரோ இல்லையோ, கேட்கிற தோட்டத்துக் காதுக்கு அது கேட்காமல் போகாது.

உரைநடையில் அவர் எழுதியவை நிறைய. ஆங்கிலத்தில் எழுதிய ‘பார்ன் டு லேபர்’ 1970இல் வந்தது. தோட்டத்து மனிதர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து வரைந்த சித்திரங்கள். இதை மு. சிவலிங்கம் ‘தேயிலை தேசம்’ என்று தமிழில் தந்தார். அவரும் மடக்கும்புரத்துக்காரர். தமிழில் ‘வீடற்றவன்’, ‘இனிப் படமாட்டேன்’ போன்ற நாவல்களும் ‘நாடற்றவர் கதை’யும் உண்டு. நாவல்களைப் பற்றி என் கருத்தை மறைக்கப் போவதில்லை. அவற்றில் அவசரம் தெரிகிறது. சில இடங்களில் தொழிற்சங்கக் கூட்டத்துப் பேச்சு பாத்திரத்தின் வாயில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் லயத்து ஒற்றையறைக் காம்பிராவுக்குள் என்ன நடந்தது, சங்கம் அமைத்தவனை எப்படித் தோட்டத்தைவிட்டு விரட்டினார்கள் என்பதை உள்ளே இருந்த ஒருவர் எழுதியதைப் படிக்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். தலைப்புகளையே வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். வீடற்றவன். நாடற்றவர். இவை ஒப்பனைக்கு வைத்த பெயர்கள் அல்ல. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. 1,50,000 பேரின் விதி பின்னால் தீர்மானிக்கப்படும் என்று விடப்பட்டது. மனிதரை அரிசி மூட்டை போலப் பங்கு போட்ட நாட்கள் அவை. அந்த எண்களுக்குள் இருந்தவர்களைத்தான் அவர் எழுதினார்.

கங்காணி வீடு என்ற உங்கள் குறைக்கு வருகிறேன். பிறந்த இடத்தை அவர் மறைக்கவில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. ஆரம்பத்தில் இருந்த காங்கிரஸிலேயே கடைசிவரை வசதியாக இருந்திருக்கலாம். அதைவிட்டு வெளியே வந்து, 1965இல் வி. கே. வெள்ளையன் தொடங்கிய தொழிலாளர் தேசிய சங்கத்தோடு சேர்ந்தார். ‘மாவலி’ இதழை நடத்தினார். தொழிற்சங்கப் பிரிவுகளில் யார் சரி, யார் தவறு என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அதற்கு வேறு இடம் வேண்டும். ஒருவர் எந்த வீட்டில் பிறந்தார் என்பதைவிட எந்த வாசலில் போய் நின்றார் என்பதைப் பாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன். பேர் போடுகிறவர்கள் பக்கத்தில் பிறந்து, பேர் விழாதவர்கள் பக்கத்தில் வாழ்ந்தார்.

1984 நவம்பர் 19ஆம் திகதி காலமானார். 1983 ஜூலை இனக்கலவரத்தின் தீ அப்போது ஆறியிருக்கவில்லை. நாடற்றவர் பிரச்சினை சட்டப்படி முடிவுக்கு வந்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் பார்க்கவில்லை. அவர் போன பிறகு சாரல் நாடன் ‘சி.வி. சில சிந்தனைகள்’ எழுதி அவருடைய வாழ்க்கையை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார். மலையக எழுத்தை ஆவணப்படுத்துவதையே ஒரு வேலையாகச் சாரல் நாடன் செய்தார். அந்த வேலைக்கு முன்மாதிரி சி. வி.தான். குறிஞ்சித் தென்னவன், மல்லிகை சி. குமார் என்று பின்னால் வந்த கவிஞர்கள் தோட்டத்திலிருந்தபடியே தமிழில் எழுதினார்கள். சி. வி. ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்ததை அவர்கள் தங்கள் மொழியில் சொல்ல முடிந்தது. 2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, முன்னோர் நடந்து வந்த பாதை அது. வழியில் செத்து விழுந்தவர்களை நினைத்து நடந்த அந்த நடையைச் செய்தியில் பார்த்தபோது எனக்கு அந்தப் புல் போர்த்திய வரிதான் நினைவுக்கு வந்தது.

நீங்கள் படிக்கத் தொடங்குவதானால் ‘தேயிலைத் தோட்டத்திலே’யை முதலில் எடுங்கள். சத்தமாக வாசியுங்கள். அடுத்து ‘தேயிலை தேசம்’. நாவல்கள் பிறகு. கடையில் கிடைக்காதவற்றை ‘நூலகம்’ இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். மலையக நூல்கள் பலவற்றை அங்கே மின்னூலாக்கி வைத்திருக்கிறார்கள்.

பரீட்சை முடிந்த பிறகு இன்னொன்றும் செய்யுங்கள். நான் ஆசிரியராக இருந்தபோது மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு லயம் ஒன்றுக்குப் பாட்டுக் கேட்கப் போனேன். எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆத்தா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே பாடினார். பிள்ளைகள் கொப்பியைத் திறந்ததும் பாட்டு நின்றுவிட்டது. கை நின்றால் பாட்டும் நிற்கும் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. கொப்பியை மூடச் சொன்னேன், சுளகு திரும்ப அசைந்தது, பாட்டும் வந்தது. மூன்று பாட்டு. முடிந்ததும் ஒரு மாணவி, “ஆத்தா, உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “எதற்கு, பேர் போடவா?”

நாங்கள் அன்று பாட்டை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிட்டோம். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது. பழைய தொகுப்புகளில் எல்லாப் பாட்டும் பேரில்லாமல்தான் கிடக்கின்றன. நீங்கள் போகும்போது பாட்டுக்குக் கீழே பாடியவரின் பெயர், தோட்டத்தின் பெயர், திகதி மூன்றையும் எழுதுங்கள். எழுதியதை அவருக்கு ஒரு முறை வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.